உயிரோடிருந்த நரிக்கு ஓர் அஞ்சலி பேனர்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் வேலையை விடுவதற்கு முந்தைய மூன்று வருஷங்களில் கடலூர் வட்டாரத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் ஆல்பத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் வேட்டி லேசாக நீலம் பூத்திருக்கும். சலவைக்காரர்மேல் குற்றமில்லை. என் கண்ணில் புரை விழுந்திருந்தது. புரை விழுந்த கண்ணுக்கு உலகம் மஞ்சளாகத் தெரியும். உலகத்தைத் திருத்துவதுதான் என் வேலை என்பதால், தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து அதில் நீலத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோது ஆஸ்பத்திரிச் சுவர் அத்தனை வெள்ளையாக இருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அடுத்த மாதமே வேலையை விட்டேன். ஐம்பத்தெட்டு வயசில் இதற்கு ஓய்வு என்று பெயர். என் மச்சான் வைத்த பெயர் வேறு. அதை அச்சில் போட முடியாது.

அப்பேர்ப்பட்டவனைப் பிடித்து, காட்டுயிர் முகப்படங்களைக் கலரில் முடிப்பதா கருப்பு வெள்ளையில் முடிப்பதா என்று, புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டீர்கள் என்று தெரியும். கழுகோ காட்டுப்பூனையோ, எது கிடைத்தாலும் முதல் வேலையாகக் கலரை உருவி எடுத்துவிட்டு, ‘கருப்பு வெள்ளையில்தான் ஆன்மா தெரிகிறது’ என்று கீழே எழுதிப் போடுகிறீர்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது அந்தக் கட்சியில் இல்லை. கலர் கட்சியிலும் சேர்ந்துவிடவில்லை. யார் வந்து எந்தக் கொடியை நீட்டினாலும் வாங்கிக்கொள்வதில்லை என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

கருப்பு வெள்ளைமேல் எனக்குப் பகை கிடையாது. கொள்ளிடக் கரைப் பக்கத்துக் குளத்தில் எடுத்த ஒரு முதலையின் முகத்தை நானே கருப்பு வெள்ளையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சேறு, தண்ணீர், முதலை மூன்றும் ஒரே கலர். கலரில் அது குளத்தங்கரையில் யாரோ விட்டுப்போன செருப்பு போல இருந்தது. கலரை எடுத்ததும் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக எழுந்து நின்றது. அங்கே கலருக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தது, வீட்டுக்கு அனுப்பினேன். நான் சொல்லப்போகும் நரியின் முகத்தில் கலர் ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதை விசாரிக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இது நடந்தபோது என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. பழியைப் புரையின்மேல் போட வழியில்லை.

மஞ்சக்குப்பத்தில் என் மனைவியின் தம்பி, அதாவது மேலே சொன்ன மச்சான், ஒரு போட்டோ லேப் வைத்திருக்கிறான். நான் அங்கே கலர் திருத்துகிறவனாக இருந்தேன். இந்தத் தொழிலின் முதல் சிக்கல் ‘கலர்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம் ஊரில் கலர் என்றால் நிறம் இல்லை, வெளுப்பு. பெண் பார்த்துவிட்டு வந்தவனை ‘பொண்ணு கலரா?’ என்றுதான் கேட்பார்கள். மாநிறத்துக்கு ‘கலர் கம்மி.’ ஆல்பம் வாங்க வருகிறவர்கள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ‘அண்ணே, பொண்ணுக்குக் கொஞ்சம் கலர் ஏத்துங்க’ என்பார்கள். ஏற்றுவேன். இருபத்தைந்து வருஷமாகக் கேட்ட அளவுக்கு ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். நான் தொட்ட பிறகு இந்த மாவட்டத்தில் கருத்த பெண்களே கல்யாணம் செய்துகொண்டதில்லை.

இந்த நிலையில் ஒரு மாசி மாதம், எங்கள் லேபுக்குக் காட்டுயிர் வந்து சேர்ந்தது. சிதம்பரத்தில் ஒரு புகைப்படக் குழு. அதன் செயலாளர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எதிரில் இருப்பவர்களெல்லாம் இன்னும் தேர்வு எழுதப் பாக்கியிருப்பவர்கள் என்ற நினைப்பு அவருக்குப் போகவே இல்லை. பன்னிரண்டு பேர் எடுத்த பன்னிரண்டு விலங்கு முகங்கள், பன்னிரண்டும் கருப்பு வெள்ளையில், பெரிய அளவில் வேண்டும் என்றார். ‘கலர் பாமரனுக்கு’ என்றார். பாமரனான நான் தலையாட்டினேன். அந்தக் குழுவின் வேலை வருஷா வருஷம் வரும் என்று மச்சான் மேஜைக்கடியில் என் காலை மிதித்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டில் ஒன்று கலைச்செல்வி எடுத்தது. குறிஞ்சிப்பாடி தாண்டி ஒரு கிராமம் அவளுக்கு. அங்கேயே தபால் ஆபீஸில் வேலை. வீட்டுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பு உண்டு, அங்கே அதைக் கொல்லை என்பார்கள். பழைய கேமரா ஒன்றை யாரிடமோ வாங்கி, கொல்லையில் திரியும் ஒரு பெண் நரியை இரண்டு வருஷமாகப் பின்தொடர்ந்தவள். அதன் இடது காதில் ஒரு பிளவு உண்டு. அதை வைத்து அடையாளம் கண்டுகொள்வாள். அந்த வருஷம் அது மூன்று குட்டி போட்டிருந்தது. கல்லுக்குப் பின்னால் இருந்து நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கிற முகம் அது. அருமையான படம். என்னிடம் கொடுத்துவிட்டு,

“அண்ணே, அது அப்ப வந்து இன்னா பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னா...” என்று ஆரம்பித்தாள்.

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை உயர்த்திக் காட்டினேன். வேலை நடக்கும்போது பேசாதே என்பதற்கான சைகை. பெரிய கலைஞர்கள் அப்படிச் செய்வார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். அவள் பாவம், வாயை மூடிக்கொண்டாள்.

அந்த நரியின் மோவாயிலும் கழுத்துக்குக் கீழேயும் காவி கலந்த ஆரஞ்சில் ஏதோ வழிந்திருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை. கலரை எடுத்துவிடத்தானே போகிறோம். சிவப்பையும் ஆரஞ்சையும் கீழே இழுத்தேன். வழிந்தது கருத்தது. இன்னும் இழுத்தேன். கரியானது. கண்ணில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் ஏற்றினேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. செயலாளர் பார்த்துவிட்டு, “இதான்யா போர்ட்ரெய்ட்” என்றார். அவர் வாயால் பாராட்டு வாங்கியவர்கள் சிதம்பரத்தில் மூன்று பேர்தான் என்று கேள்வி. நான் ஒரு வாரம் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கண்காட்சி திறந்தார்கள், சிறந்த முகத்துக்குப் பரிசும் உண்டு. மேல வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி ஹாலில். விளம்பரத்துக்கு என் நரி முகத்தையே எட்டடி பேனராக அடித்துச் சிதம்பரத்தில் ஒன்றும் குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் ஒன்றும் கட்டினார்கள். பேனர் அடித்த கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். கருப்பு வெள்ளையில் ஒரு முகம் கொடுத்து நடுவில் போடு என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மனுஷன் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, மேலே ஒரு பூமாலையையும் வளைத்துவிட்டார். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போடாதது ஒன்றுதான் குறை. குறிஞ்சிப்பாடியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கிட்டே போய், யார் தவறிப்போனது என்று பார்த்திருக்கிறார்கள். நரி. வாயெல்லாம் கருப்பாக வழிகிற நரி.

கலைச்செல்வியின் ஊரில் அந்த மாதம் இரண்டு ஆட்டுக்குட்டிகள் காணாமல் போயிருந்தன. அவை தண்டபாணியின் ஆடுகள். தண்டபாணி அவளுக்கு மாமா முறை, பக்கத்துக் கொல்லைக்காரர். பேனரை யாரோ படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘நம்ம ஊர் நரி, ஆட்டு ரத்தத்தோட’ என்று எழுதிவிட்டார்கள். வெள்ளி இரவுக்குள் ஊரே பார்த்தாயிற்று.

சனிக்கிழமை காலை லேபின் ஷட்டரை நாங்கள் தூக்கும்போது கலைச்செல்வி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள்.

“அண்ணே, எங்க நரிக்கு ரத்தம் எங்கேருந்து வந்துச்சு?”

“எந்த ரத்தம்?”

போனை நீட்டினாள். எட்டடி பேனரை உள்ளங்கை அளவில் பார்த்தேன். இரண்டு குத்துவிளக்குக்கு நடுவில் என் கைவண்ணம். பார்த்த மாத்திரத்தில் எனக்கும் அது ரத்தமாகத்தான் தெரிந்தது.

“அது முந்திரிப் பழம் அண்ணே. கொட்டைய ஆஞ்சிட்டுப் பழத்த அங்கயே போட்டுடுவோம் இல்ல, அதத் தின்னுட்டு நிமிந்துச்சு. அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் கையக் காட்டுனீங்க.”

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

“மாமா குருணை மருந்து வாங்கி வச்சிருக்காரு. இன்னிக்குச் சாயங்காலம் கோழிக்குடல்ல கலந்து கொல்லையில வைக்கப் போறாராம். எவ்ளோ சொல்லிட்டேன், கேக்க மாட்றாரு. போட்டோவுலயே இருக்குதேங்குறாரு. குட்டிங்க இன்னும் பால்குடி அண்ணே. அது போச்சுன்னா மூணும் போச்சு.”

விஷம் வைப்பது குற்றம், வனத்துறையிடம் சொல்லலாம் என்றேன். “சொல்லிட்டுத்தான் வந்தேன். திங்கக்கெழம வந்து பாக்கறோம்னாங்க” என்றாள்.

செயலாளருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி, அந்தப் படத்தை இறக்கிவிட்டு அதே படத்தைக் கலரில் மாட்ட அனுமதி கேட்டேன்.

“நோ. கண்காட்சியோட ஒருமை கெட்டுடும்.”

“சார், ஒரு நரி உயிரோட விஷயம்.”

“போட்டோ ஒரு கலைப்படைப்பு. ஜனங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டா அதுக்கு நாம பொறுப்பில்ல.”

இந்த வாக்கியத்தைக் கவனமாகக் கேளுங்கள், தம்பிகளா. ஒரு நாள் நீங்களும் இதைச் சொல்வீர்கள். எனக்கே நாக்கு நுனி வரை வந்த வாக்கியம்தான் அது. இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அதன் நாற்றம் தெரிந்தது.

“சரி சார், நாளைக்கு நேர்ல வர்றேன்” என்று போனை வைத்துவிட்டு, அவள் கொடுத்த பழைய ஃபைலைத் திறந்தேன். கேமரா கொடுத்த கலரில், ஒரு இடத்திலும் கை வைக்காமல், இரண்டடிக்கு ஒரு பிரிண்ட் எடுத்தேன்.

மச்சான் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தான். “மாமா, வருஷா வருஷம் வர்ற வேலை மாமா அது.”

“நரியும் வருஷா வருஷம்தாண்டா குட்டி போடுது.”

“அதுக்கும் நமக்கும் இன்னா மாமா சம்பந்தம்?”

“இத்தன நாளா இல்ல. இப்ப வந்துடுச்சி.”

பைக்கின் பின்னால் கலைச்செல்வி பிரிண்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார, பதினோரு மணி வெயிலில் ஊர் போய்ச் சேர்ந்தோம். முந்திரிக் கொல்லையில் புளித்த வாடை. தண்டபாணி டீக்கடையில் இருந்தார். பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் கண்ணாலேயே சொன்னாள்.

தெரிந்த முகம். அவர் மகள் சத்யாவின் கல்யாண ஆல்பம் எங்கள் லேபில்தான் போட்டது. என் தோளுக்குப் பின்னால் அரை நாள் நின்றவர் இவர்.

“வாங்க கலர்காரரே” என்றார். “இன்னா இம்மாந்தூரம்?”

பிரிண்ட்டைப் பிரித்துப் பெஞ்சின்மேல் சாய்த்து வைத்தேன். டீக்கடையே கூடிவிட்டது. நான் விளக்கினேன். பேனரில் இருந்தது இதே படம்தான், கலரை எடுத்து நான்தான் கருப்பாக்கினேன், வாயில் இருப்பது பழம் என்றேன். மடிக்கணினியைத் திறந்து, இழுத்தால் எப்படிக் கருக்கிறது, விட்டால் எப்படி வெளுக்கிறது என்றுகூடச் செய்து காட்டினேன்.

தண்டபாணி டீயைக் குடித்து முடித்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்தார்.

“எம்பொண்ணு இன்னா கலரு?”

“மாமா, அத எதுக்கு இப்ப...” என்றாள் கலைச்செல்வி.

“நீ சும்மா இரும்மா. சொல்லுய்யா. சத்யா இன்னா கலரு?”

“மாநிறம்.”

“ஆல்பத்துல?”

நான் மடிக்கணினியை மூடினேன்.

“கொஞ்சம் கலர் ஏத்துன்னேன், ஏத்துன. பத்தலைன்னேன், இன்னும் ஏத்துன. மாப்ள வூட்டுல ஆல்பத்தப் பாத்துட்டு இது யாரு, பொண்ணோட தோழியான்னு கேட்டாங்க. உம்மேல தப்பு இல்ல. நான் கேட்டேன், நீ குடுத்த. அதான் சொல்றேன், கேட்டா குடுக்குற ஆளு நீ. இந்தப் பொண்ணு வந்து பழக் கலரு வேணும்னிச்சி, பழக் கலரு ஏத்திக் குடுத்துட்ட. கருப்பு வெள்ளையில அந்தக் கத ஆவாது. அதுல இருக்கறதுதான் இருக்கும்.”

“பேனர்லதான் நான் ஏமாத்துனேன். இதுல ஒண்ணுமே பண்ணல.”

“பேனர்ல வெளக்கு வெச்சி மாலையும் போட்டாச்சி. நரிக்கு அஞ்சலி அடிச்சிட்டீங்க. சாவடிக்கிறது ஒண்ணுதான் பாக்கி, அத நான் பாத்துக்கறேன்.”

டீக்கடை சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், வேறு யாரையாவது சொல்லியிருந்தால். இருபத்தைந்து வருஷமாக நான் ஏற்றிய கலரெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து எதிரில் உட்கார்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொடாத கலர் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன், நம்ப ஓர் ஆள் இல்லை. பேனரில் நான் சொன்ன பொய்யை ஊரே நம்பியது, ஏனென்றால் அது கருப்பு வெள்ளை.

அப்போது கூட்டத்தில் இருந்து ஓர் அம்மாள் முன்னால் வந்தார். கொட்டை பொறுக்கும் வேலையை நடுவில் விட்டு டீ குடிக்க வந்தவர். பெயரைக் கடைசி வரை கேட்காமல் விட்டேன், அதுவும் என் குறைதான். படத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நரியின் மோவாய்க்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு தன் முந்தானையை இழுத்துப் படத்தின்மேல் வைத்தார்.

“இத பாரு தண்டபாணி.”

வெளுத்த சேலை. அதில் பழைய கறைகள் பழுப்பாகவும், அன்று காலையில் பட்ட கறை ஓரத்தில் மஞ்சளும் நடுவில் காவியுமாகவும் இருந்தன. நரியின் கழுத்தில் இருந்ததும் அதேதான். எங்கள் தொழிலில் கலர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் அட்டை உண்டு. கட்டம் கட்டமாக நிறங்கள் அச்சடித்திருக்கும். பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். இத்தனை வருஷத்தில் எந்த அட்டையோடும் என் பிரிண்ட் அப்படிப் பொருந்திப் பார்த்ததில்லை.

“ரத்தமா இருந்தா சுத்தியும் கருத்து நடுவுல ஒட்டிக்கும். இது ஓரம் மஞ்சளா எறங்கி நிக்குது பாரு. பழக்கற. நீ கட்டியிருக்கிற லுங்கியப் பாரு, தொடைகிட்ட.”

எல்லோரும் தண்டபாணியின் லுங்கியைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அங்கேயும் இருந்தது. சுற்றி நின்ற ஒவ்வொருவர் வேட்டியிலும் சட்டையிலும் அதே கறை புதுசும் பழசுமாக இருந்தது. எதைப் போட்டுத் துவைத்தாலும் போகாத கறையாம்.

தண்டபாணி என்னைத்தான் பார்த்தார். மனுஷன் விடுகிற ஆள் இல்லை.

“கலர்காரரே, முந்திரிக்கற துணியில எப்பிடி எறங்கும்னு ஒனக்குத் தெரியுமா?”

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். இந்த ஊர்ப் பக்கமெல்லாம் எனக்குப் பழக்கம் என்று கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டிருக்கலாம். நம் புத்தி அப்படித்தான் போகும். அன்றைக்கு ஏனோ உண்மை வந்துவிட்டது.

“தெரியாது. நான் மஞ்சக்குப்பத்துக்காரன். முந்திரிய வறுத்து, பொங்கல்ல போட்டப்பறம்தான் எனக்குப் பழக்கம்.”

இந்தத் தடவை சிரித்தது தண்டபாணிதான். “பின்ன, தெரியாத கலர எப்பிடி ஏத்தியிருப்ப” என்றார் தனக்குத்தானே.

நான் எத்தனையோ புத்தகம் படித்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அன்று ஒரு நரியைக் காப்பாற்றியது எனக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயம்.

மஞ்சள் பையை எடுத்துக் கலைச்செல்வியிடம் கொடுத்தார். “இந்தா, வூட்டுல அத்தகிட்ட குடுத்துடு. நெல்லுக்குப் போட வாங்குனதுதான்” என்றார். யாரும் அதை மறுக்கவில்லை. பிறகு என்னிடம், “அப்ப எங்க ஆட்ட யாருய்யா தின்னது?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க.”

இன்றுவரை தெரியாது. நரி இதுவரை ஆட்டுக்குட்டியே தூக்கியதில்லை என்று நான் சத்தியம் செய்யவும் மாட்டேன். அந்தப் படத்தில் தூக்கவில்லை. என் பொறுப்பு அவ்வளவுதான், ஆனால் அவ்வளவும் என் பொறுப்பு.

மறுநாள் சிதம்பரம் போனேன். கிளம்பும்போது லேப் வாசலில் தண்டபாணி வெள்ளைச் சட்டையில் நின்றார். “அந்தப் பேனர்காரன் இன்னா சொல்றான்னு பாக்கணும்” என்று பைக்கில் ஏறிக்கொண்டார்.

பந்தி ஹாலில் பன்னிரண்டு முகங்களும் கருப்பு வெள்ளையில், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக இருந்தன. செயலாளர் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

“கலர் உள்ள வராது. போன்லயே சொன்னேன்.”

“கேட்டேன் சார்.”

“கலர் கவனத்தைச் சிதறடிக்கும். முகத்தோட உணர்ச்சியைப் பார்க்க விடாது.”

“அந்த உணர்ச்சி அதுக்கு இல்ல சார். நான் வச்சது. அது சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு.”

“எடுத்தா உங்க லேபுக்கு இனிமே இந்தக் குழுவோட வேலை கிடையாது.”

எந்த இடத்தில் ஒருவன் யோசிக்க வேண்டும், எந்த இடத்தில் யோசிக்கக் கூடாது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நான் யோசிக்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். நான் ஃபிரேம் போட்ட படத்தை நானே கழற்றினேன். தண்டபாணி கீழே நின்று கலர்ப் படத்தைத் தூக்கிக் கொடுத்தார். சுவரில் மற்ற பதினோரு முகங்களுக்கு நடுவில் ஆரஞ்சு வழிய ஒரு நரி வந்து உட்கார்ந்தது. செயலாளர் ஒரு தாளில் ‘போட்டிக்கு அல்ல’ என்று எழுதி அதன் கீழே ஒட்டினார். இறங்கி வந்து அந்தத் தாளைப் படித்துவிட்டு, “ரொம்பச் சரி சார்” என்றேன்.

கோயில் பக்கத்துத் தெருவில் இருந்து வந்த ஒரு குடும்பம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றது. வாயில் என்ன என்று அந்த வீட்டுப் பெண் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தண்டபாணி முந்திக்கொண்டார். கொட்டை எப்போது ஆய்வது, பழத்தை ஏன் விட்டுவிடுகிறோம், நரிக்கு எந்த மரத்துப் பழம் பிடிக்கும் என்று கால் மணி நேரம். முந்தின நாள் வரை அந்த நரியைக் கொல்ல இருந்தவர் பேசுகிறார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மதியத்துக்குள் இப்படி ஏழெட்டு தடவை சொன்னார். பதினோரு கருப்பு வெள்ளை முகங்களுக்கு முன்னால் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். செயலாளர் இதைப் படித்தால் மறுக்கட்டும்.

சொன்னபடியே அந்த வேலை மறு வருஷம் வரவில்லை. மச்சான் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. லேபில் அவ்வளவு நிம்மதியாக நான் வேலை பார்த்த காலம் வேறு கிடையாது.

திரும்பி வரும் வழியில் தண்டபாணி பைக்கின் பின்னால் இருந்து, அந்த நரிப் படத்தில் தனக்கு ஒன்று வேண்டும் என்றார். கட்டிலுக்கு எதிரில் மாட்டிக்கொண்டால் தினமும் நரி முகத்தில் முழிக்கலாமாம்.

“கலர்லதான” என்றேன்.

“பின்ன? இன்னொண்ணும் போடணும். எம்பொண்ணோடது. மாலையோட நிக்கும் பாரு, அது. அவ கலர்லயே.”

கை வைக்காத பழைய ஃபைல் லேபில் இருந்தது. திறந்தேன். பழக்கத்தில் கை தானாகக் கலரை ஏற்றப் போனது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பிரிண்ட் கொடுத்தேன். அது புதுச்சேரியில் இருக்கும் சத்யாவுக்குப் போய்ச் சேர்ந்த அன்று போன் வந்தது.

“அண்ணே, இதுல நான் எங்க அப்பா மாதிரியே இருக்கேன்” என்றாள். “ஆல்பத்துல ஏன் அப்பிடி இல்ல?”

அந்தக் கலரை நான்தான் எடுத்துவிட்டேன் என்றேன். அப்பா கேட்டார் என்று சொல்லவில்லை.

ஆக, கலரா கருப்பு வெள்ளையா என்று என்னைக் கேட்காதீர்கள். கலரை எடுப்பதற்கு முன்னால் அது அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று படம் எடுத்தவளைக் கேளுங்கள். அவள் சொல்ல ஆரம்பிக்கும்போது கையை உயர்த்தாதீர்கள். இதை எழுதினால் உங்கள் போட்டிகளில் எனக்கு நடுவர் நாற்காலி கிடைக்காது என்று சொன்னார்கள். ஸ்டூல் இருக்கிறது, பரவாயில்லை.

மறு பங்குனியில் கலைச்செல்வி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதே முகம், இடது காதில் அதே பிளவு, மூக்கு வரை ஆரஞ்சு. பின்னால் அதன் தோளுயரத்துக்கு வளர்ந்த போன வருஷத்துக் குட்டி ஒன்று, அதன் வாயிலும் ஆரஞ்சு. என்ன திருத்த வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

‘ஒண்ணும் வேணாம். இந்தத் தடவ சொல்லு, அது அப்ப இன்னா பண்ணிக்கிட்டு இருந்துச்சு?’ என்று பதில் போட்டேன்.